விளக்கு வைக்கிற நேரம்

வீட்டில் இருந்தது நான், என் மனைவி கோமு, அடுப்பில் காயவைத்த பால். எனக்கு இருப்பது வயசு மறதிதான், பயமில்லை என்றார் டாக்டர். கோமுவுக்கு என்னையே மறந்துபோயிற்று. சாயங்காலமானால், “அண்ணாச்சி, என்னை வீட்டுல விட்டுருங்க. எங்க வீட்டுக்காரவுக தேடுவாக” என்று அழுவாள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலுக்குக் கூட்டிவருவேன். வீடு வந்துவிட்டதென்று அடங்கிவிடுவாள்.

இன்று பூட்டைத் திறந்ததும் கேஸ் வாடை முகத்தில் அடித்தது. அப்போதுதான் பால் ஞாபகம் வந்தது; பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. கோமு முந்திக்கொண்டு உள்ளே போய் மறித்து நின்றாள்.

“நான்தான்டி உன் புருஷன். வழியை விடு!”

“அவுக இல்லாத நேரம் நீங்க உள்ள வரப்படாது. விளக்குப் பொருத்தணும், போயிட்டு வாங்க அண்ணாச்சி.”

கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.