கூடைக்குப் போகும் கை

“அந்தப் புள்ளைக்குப் பக்கவாட்டுல ஹூக் குத்து விடத் தெரியலண்ணே. மதியம் எங்க விதுர்ஷாகிட்ட மாட்டட்டும், பாருங்க.”

லிங்கம் சொன்னதைப் பார்வையாளர் வரிசையில் பக்கத்தில் இருந்தவர் மறுக்கவில்லை. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்படி என்ன தப்பு என்று மட்டும் கேட்டார்.

அது போதும் லிங்கத்துக்கு. மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு வந்து இறங்கியதிலிருந்தே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. மகள் விதுர்ஷா மாகாணக் குத்துச்சண்டையில் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டாள். ஜெயித்தால் ஊவா மாகாண அணியில் கொழும்புக்குப் போவாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அவள் குத்துகளைக் கையில் வாங்கிப் பழக்கியவர் அவர்தான்.

“நிசாந்தினியாம் பேரு. மேடையில அந்தப் புள்ள கையைப் பாருங்க. குத்துறதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னால போயிட்டு வருது. தேயிலைக் கொழுந்து எடுத்து முதுகுக் கூடையில போட்டுப் போட்டு வந்த பழக்கம். ‘இதோ வாறேன்’னு சொல்லிட்டு வர்ற மாதிரி.”

விதுர்ஷாவுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. லீவு நாளில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவள்தானே. அதைப் போக்கிய விதத்தை லிங்கம் எழுந்து நின்றே செய்து காட்டினார். சுவரில் முதுகு ஒட்ட நிற்க வேண்டும். கை பின்னால் போனால் முழங்கை சுவரில் இடிக்கும். தோல் உரிய உரிய, கை இருந்த இடத்திலிருந்தே கிளம்பப் பழகிவிடும். முழங்கையும் முஷ்டியும் ஒரே உயரம். மணிக்கட்டு மடங்கக் கூடாது. இடுப்பு திரும்ப, கை அதோடு வர வேண்டும். மற்றக் கை கன்னத்தை விட்டு அசையவே கூடாது.

தொப்பிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதாக எழுந்து போனார்.

சோற்றுப் பொட்டலத்தோடு மகளைத் தேடிப் போன லிங்கம், உடை மாற்றும் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

நிசாந்தினி சுவரில் முதுகை ஒட்டி நின்று ஹூக் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தவள் விதுர்ஷா.

நாலு பேர் பார்க்க மகளைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை. பொட்டலத்தோடு திரும்பிவிட்டார்.

இறுதிச் சண்டையில் விதுர்ஷாவின் கைதான் ஓங்கியிருந்தது, கடைசிச் சுற்றுவரை. அவள் வலக்கை சற்றே தாழ்ந்த நேரம் நிசாந்தினியின் இடக்கை வந்தது. பின்னால் போகாமல், சொல்லாமல் வந்தது. விதுர்ஷா கயிற்றில் போய்ச் சாய்ந்தாள். தீர்ப்பில் நடுவர் நிசாந்தினியின் கையை உயர்த்தினார்.

வெளியே வந்த மகளை லிங்கம் வழிமறித்தார்.

“உன் இடத்தைத் தூக்கி அவ கையில குடுத்திட்டியேடி. அந்தச் சுவத்து வித்தையை நீ எதுக்கு அவளுக்குச் சொல்லிக் குடுத்த?”

தாடையில் ஐஸ் பையை வைத்திருந்த விதுர்ஷா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“நான் எங்கப்பா சொல்லிக் குடுத்தேன்? நான் போறப்பவே அவ சுவத்துல ஒட்டித்தான் நின்னா. அவங்கப்பா வந்து சொன்னாராம்.”

அவள் காட்டிய பக்கம் லிங்கம் திரும்பினார். நிசாந்தினியின் தோளில் கை போட்டபடி அந்தக் கம்பளித் தொப்பிக்காரர் நின்றிருந்தார். லிங்கத்தைப் பார்த்ததும் கைகூப்பினார்.

விதுர்ஷா ஐஸ் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவளுக்குப் பழக்கிவிட ஆளே இல்லியாம்ப்பா. போன்ல பார்த்துத்தான் கத்துக்கிட்டாளாம். சுவத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு, இது எங்கப்பா வேலைதான்னு. நீங்களே மனசு வந்து சொல்லியிருக்கீங்க, நான் மட்டும் அவ மணிக்கட்டு மடங்குறதைப் பார்த்துட்டு சும்மா போறதா?”

அவரைக் கையோடு இழுத்துப் போய் அந்த இருவர் முன்னால் நிறுத்தினாள். “இவர்தான் எங்கப்பா” என்றாள். ஜெயித்திருந்தால்கூட அவள் முகத்தில் அவ்வளவு பெருமை வந்திருக்காது.

லிங்கம் நிசாந்தினியின் பக்கம் திரும்பினார்.

“வலக்கையும் கொஞ்சம் பின்னால போகுதும்மா. கொழும்புக்குப் போறதுக்குள்ள எங்க லயத்துப் பக்கம் வா. சுவர் இருக்கு.”