பொடி எழுத்து

"இது ஆகாது. எடுத்து உள்ள வை."

மாரிசாமி அண்ணாச்சி போட்ட சத்தத்தில், சிவகாசியின் அந்த லேப்டாப் கடையே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது.

"அப்பா, மெதுவா," என்றான் மகன் ஸ்ரீராம்குமார். "டிசைன் வேலைக்கு இதுதான் ஏத்தது. ஃபோர் கே ஸ்கிரீன். லேபிள்ல மயில் படம் போட்டா இறகு இறகாத் தெரியும்."

"மயிலு தெரியும்லே. எழுத்து தெரியுமா? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

இரண்டு பேருக்கும் பின்னால் பாண்டிச்செல்வி நின்றாள். மாரிசாமியின் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களை வடிவமைப்பவள் அவள்தான். வாங்கப்போகிற லேப்டாப்பும் அவளுக்குத்தான்.

சின்ன வயதில் ஒரு புஸ்வாணம் அவள் கண்ணில் சீறியிருந்தது. கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து பிடிபடாது. வேலைக்குச் சேர்ந்தபோது அதைச் சொல்லவில்லை. பழைய கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சமாளித்துவந்தாள். போன வாரம் அது கருகிப்போய்விட்டது.

லேபிளில் எச்சரிக்கை வாசகம் ஒரு எழுத்து தப்பினால் மொத்த லோடும் குப்பைக்குத்தான் போகும். கண் சரியில்லாதவள் என்று தெரிந்தால் எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? இந்த வேலை போனால், ஆமத்தூரில் அம்மா ஏறுகிற அதே வேனில் ஏறி, பட்டாசு ஆபீசுக்கு வெடிமருந்து அள்ளப் போகவேண்டியதுதான்.

"நீங்க சொல்லுங்கக்கா," என்று ஸ்ரீராம்குமார் அவள் பக்கம் திரும்பினான். "வேலை பாக்குறது நீங்கதானே? இந்த ஸ்கிரீன் வசதியா இருக்குமா?"

"அது வந்து சார்..."

"அவகிட்ட என்னத்தக் கேக்க?" மாரிசாமி குறுக்கே விழுந்தார். "துட்டு போடுறவன் நான். என்கிட்ட கேளு."

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுத்து சின்னதா இருந்தா செட்டிங்ல பெரிசாக்கிக்கலாம்ப்பா."

"ஆக்குவே. நம்மகிட்ட இருக்கது அரதப் பழசு சாப்ட்வேரு. மத்ததெல்லாம் பெரிசாகும், அதுல உள்ள மெனு மட்டும் கடுகாட்டம் அப்படியே நிக்கும். எதுத்த பிரஸ்ல இந்தக் கூத்த நான் பாத்துட்டேன்."

"அண்ணாச்சி சொல்றது வாஸ்தவம் சார்," என்றான் கடைக்காரன் பிரபாகரன். "பழைய சாப்ட்வேர்ல அந்தத் தொல்லை உண்டு."

"கேட்டியா? பதினாறு இஞ்சுல பெரிய ஸ்கிரீனா எடு. ஃபுல் எச்டி போதும். மினுமினுன்னு இருக்கது வேண்டாம், டியூப்லைட்டு வெளிச்சம் கண்ணுல அடிக்கும்."

பிரபாகரன் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தான்.

"எழுத்தை இன்னும் பெரிசாக்கு. இன்னும். ம், அங்கன நிறுத்து."

"இதென்னப்பா, சுவர் விளம்பரமா?"

"எனக்கு அறுபது வயசாச்சுலே. கண்ணு போச்சு. இவ முதுகுக்குப் பின்னாடி நின்னு என்ன பண்றான்னு நான் பாக்க வேண்டாமா?"

ஸ்ரீராம்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. "வேலை பாக்குறவங்களை வேவு பாக்கவா லேப்டாப் வாங்குறோம்?"

"ஆமா. அப்படித்தான்னு வச்சுக்க."

பிரபாகரன் அவளைப் பாவமாகப் பார்த்தான். இந்த மனுசனிடம் எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ!

பாண்டிச்செல்விக்கோ போன உயிர் திரும்பி வந்திருந்தது. முதலாளியின் கஞ்சத்தனத்துக்கும் சந்தேகப் புத்திக்கும் சேர்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

"ஏ பிள்ள, உக்காந்து பாரு. மூக்கை உள்ள விடாத. நல்லா சாஞ்சு உக்காரு. தெரியுதா?"

"தெரியுது முதலாளி."

"கடேசி வரி?"

"அதுவும் தெரியுது."

"சரி. ஏம்ப்பா, ரேட்டைச் சொல்லு."

பிரபாகரன் சொன்னான். மாரிசாமி சிரித்தார்.

"குறைக்க முடியாது அண்ணாச்சி. புத்தம் புது சரக்கு. கம்பெனியில இருந்து வந்து இறங்கி ரெண்டு நாளுதான் ஆச்சு."

மாரிசாமி லேப்டாப்பை மூடி, ஒரு கையால் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஒரு பார்வை பார்த்தார்.

"புது சரக்கா? செஞ்சது போன வருஷம் மார்ச்சு மாசம். நம்பருக்குக் கீழ போட்டிருக்கான் பாரு. விக்காமக் கிடந்ததை எந்தலையில கட்டப் பாக்கியா? யாருகிட்ட!"

"எங்கன போட்டிருக்கு?" பிரபாகரன் குனிந்தான். தெரியவில்லை. செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினான்.

"ஆத்தாடி! போட்டுத்தான் இருக்கு. கண்ணாடி கூடப் போடாம இம்புட்டுப் பொடி எழுத்தை எப்படி அண்ணாச்சி வாசிச்சீக?"

ஸ்ரீராம்குமார் அப்பாவைப் பார்த்தான். பிறகு பாண்டிச்செல்வியைப் பார்த்தான். அவள் மேஜை விளிம்பைப் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"அப்பா, உங்களுக்குத்தான் கண்ணு..."

"ஏலே, பேச்சைக் குறை. போய்க் காரை எடு." அவனை விரட்டிவிட்டுப் பிரபாகரன் பக்கம் திரும்பினார். "நீ என்ன வாயப் பாக்க? பழைய சரக்குக்கு உண்டான ரேட்டைப் போட்டுக் கட்டு."

பிரபாகரன் பெட்டி எடுக்க உள்ளே ஓடினான்.

"முதலாளி..." என்றாள் பாண்டிச்செல்வி.

"என்ன முதலாளி? சீசன் ஆர்டர் மலையாட்டம் கிடக்கு. காலையில வெள்ளன வந்து சேரு." மாரிசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தார். நாலடி போய் நின்றார்.

"எழுத்து ஏன் இம்புட்டுப் பெரிசுன்னு பிரஸ்ல எவனாவது கேட்டா, முதலாளிக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிரு."