சாரல் நேரத்துக் கூலி

சுந்தரபாண்டியன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆடி மாதம், குற்றாலம், ஜன்னலுக்கு வெளியே சாரல். அப்படியிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அரிசி மில்களில் குறைந்தபட்சக் கூலி என்ன என்று தீர்மானிக்க மெட்ராஸிலிருந்து கமிட்டி வந்து, டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை நடத்திக்கொண்டிருந்தது.

தகராறு ஒன்றுதான். அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டிருக்கும்போது சாரல் விழும். பெண்கள் ஓடி ஓடிக் குவித்து, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு ஓரமாகக் குந்தியிருப்பார்கள். வெயில் எட்டிப் பார்த்ததும் மறுபடியும் விரிப்பார்கள். குந்தியிருந்த நேரத்துக்கு இந்த வட்டாரத்தில் எந்த மில்லிலும் கூலி கிடையாது. சீசனில் பாதிப் பகல் சாரலிலேயே போய்விடும். கூலியிலும் பாதி போய்விடும்.

"சும்மா குத்தவச்சு இருக்கதுக்குக் கூலி உண்டுமாய்யா? சாரல் விழுந்தா அவங்க தாராளமா வீட்டுக்குப் போலாம். நாங்க யாரையும் பிடிச்சு வைக்கலை." இதுதான் அவர் சொன்னது.

பச்சைப் பொய். சொன்ன அவருக்கும் தெரியும், பின்னால் நின்று கேட்ட பெண்களுக்கும் தெரியும்.

மற்ற மில்காரர்கள்தான் அவரை முன்னே தள்ளிவிட்டார்கள். "அண்ணாச்சி, நீங்க பேசினாத்தான் இங்கன எடுபடும்" என்று கடையநல்லூர் மில்காரர் காதைக் கடித்திருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர்தான் தலைவர். அவர் பக்கத்தில் அந்த அம்மாள்.

டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கூலியைப் பற்றிப் படித்து டாக்டரானவர். கூலிக்கெல்லாம் ஒரு படிப்பா என்று தென்காசியே வாயைப் பிளந்தது. லண்டனில் படிப்பு. பம்பாயில் காலேஜ் வாத்தியார். சுரங்கத்துக்குள் இறங்கிப் போய், வேலை செய்கிறவர்களிடமே கேட்டு எழுதிய புத்தகம். டெல்லியில் சட்டம் எழுதுகிறவர்கள் பேனாவை எடுக்குமுன் இவரைத்தான் கேட்கிறார்களாம்.

காலையிலிருந்து சுந்தரபாண்டியன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எவ்வளவு பெரிய முதலாளி வந்து நின்றாலும் இரண்டே கேள்வியில் மடக்கிவிடுகிறார். குரல் இம்மியும் உயரவில்லை. அடேயப்பா, என்ன நிதானம்! தான் எந்தக் கட்சி என்பதையே மறந்து மனுஷன் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அவர் முறை வந்தபோது டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜையைப் பார்த்தபடியே இருந்துவிட்டார். ஜட்ஜ்தான் ஏதோ கேட்டு முடித்தார். மில்காரர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து வள்ளித்தாயைக் கூப்பிட்டார்கள். மேலகரத்தில் சுந்தரபாண்டியன் மில்லில் களத்து வேலை பார்ப்பவள். சாரல் விழுந்தால் வீட்டுக்குப் போகலாமா என்று ஜட்ஜ் கேட்டார்.

வள்ளித்தாய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாவம், அவள் என்ன செய்வாள்? நாளைக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. மற்றப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வேறு சாட்சி இல்லையென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்று ஜட்ஜ் பேனாவை மூடினார்.

டாக்டரம்மா எழுந்தார். "சாட்சி இருக்கு. அந்தக் களத்துல நடக்கதைக் கண்ணால பாத்தவ நான். நான் சொல்லுதேன்."

ஜட்ஜ் பதறிப்போனார். சாட்சி சொல்கிறவர் கமிட்டியில் இருக்க முடியாது, பதவியே போய்விடும் என்றார். டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து வள்ளித்தாய்க்குப் பக்கத்தில் நின்றார்.

சுந்தரபாண்டியனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நாற்காலிக்காக ஜில்லாவில் எத்தனை பேர் யார் யார் காலிலோ விழுவார்கள். களத்து ஓரத்தில் நனைந்துகொண்டு குந்தியிருக்கிற பொம்பளைகளுக்காக அதைத் தூசியாகத் தட்டிவிட்டு வருவதென்றால்! அடி தன் மில்லுக்குத்தான் என்று தெரிந்தும் அவருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கமிட்டி குமாஸ்தா மெட்ராஸ்காரர். இந்த ஊர் விவரம் ஒன்றும் தெரியாதவர். முறைப்படி ஆரம்பித்தார்.

"பெயர்?"

"செண்பகவல்லி."

"தகப்பனார் பெயர்?"



குமாஸ்தா மறுபடியும் கேட்டார். காலையிலிருந்து எதற்கும் அசராத டாக்டரம்மாவின் முகம் மெல்லக் கீழே கவிழ்ந்தது. மில்காரர்கள், களத்துப் பெண்கள் எல்லோரும் சுந்தரபாண்டியனையே பார்த்தார்கள்.

நிச்சயமான கல்யாணம் வேண்டாம், படிக்கப் போகிறேன் என்று கிளம்பிய பெண்ணிடம், தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று. எங்கே போனாலும் என் பேரைச் சொல்லாதே. கப்பலேறிப் போனவள், கடல் தாண்டியும் அந்தப் பேச்சைத் தட்டவில்லை.

சுந்தரபாண்டியன் எழுந்து நின்றார்.

"சுந்தரபாண்டியன்னு எழுதுங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

பிறகு மகளை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"ஏட்டி, சாரல் விழுந்ததும் நான் கேட்டைப் பூட்டுதேன்லா, அதையும் சேத்துச் சொல்லு."