ஆவக்காய்க்குப் புது முகம்

உகாதிக்கு அப்புறம் மூன்று மடங்கு ஆர்டர். சும்மாவா? குண்டூர் ஊறுகாய்க் கடைக்காரர்கள் சங்கத்தில் பார்கவுக்குப் பொன்னாடை தயாராக இருந்தது.

கோடேஸ்வரம்மா ஊறுகாய்க் கடையின் வெப்சைட்டைப் புதிதாக வடிவமைத்த மேதை அவன்தான். இன்று சங்கம் சம்மதித்தால் ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் வெப்சைட்டும் அவன் கைக்கு வந்துவிடும். அதை நம்பி, பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தனி ஆபீசே பிடித்துவிட்டான்.

மைக் கிடைத்தால் விடுவானா? அவன் லேப்டாப்பில் இருந்த கறுப்புப் பக்கம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. நடுவே ஒரே ஒரு மிளகாய், கீழே ஃபோன் நம்பர்.

“பழைய சைட்டை நெனச்சாலே எனக்குக் குமட்டுது. மஞ்சக் கலரு, மேல ஓடுற சிவப்பு எழுத்து. அதுல, ‘குழந்தைகளுக்குக் காரம் குறைச்சும் போட்டுத் தருவோம்’னு ஒரு வரி. குண்டூர்க்காரன் காரத்தைக் குறைக்கலாமா? வெட்கமா இல்ல? தூக்கி எறிஞ்சுட்டேன்.”

முன்வரிசையில் இருந்த கோடேஸ்வரம்மா எழுந்தாள். “அது இந்த உகாதிக்குத்தான் நான் ஆசையா போடச் சொன்ன வரி, பாபு. நீ தூக்கிட்டே, சரி. ஆனா ஃபோன் பண்றவங்கள்ல பாதிப் பேரு காரம் குறைச்சதுதான் கேக்கறாங்க. எல்லாம் முதல் தடவை வாங்கறவங்க.”

“அம்மா, ஊறுகா உங்களுக்குத் தெரியும். ஜனங்க மனசு எனக்குத் தெரியும். என் டிசைன் அவங்களக் கூட்டிட்டு வருது. வந்தப்புறம் வாய்க்கு வந்ததக் கேப்பாங்க.”

கூட்டம் சிரித்தது. கோடேஸ்வரம்மா உட்கார்ந்துவிட்டாள்.

“நாங்களும் கொஞ்சம் பாக்கலாமா?” என்றார் சங்கத் தலைவர் சாம்பய்யா.

“தாராளமா. அவங்கவங்க ஃபோன்லயே திறந்து பாருங்க. அசந்து போயிடுவீங்க.”

திறந்தார்கள். அசந்துதான் போனார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் பக்கம், அதன் மேலே சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

“பழசு உங்க ஃபோன்ல தங்கியிருக்கும்,” என்றான் பார்கவ் அலட்சியமாக.

“நான் இன்னிக்குத்தான்யா முதல் தடவை திறக்கறேன்,” என்றார் சாம்பய்யா.

பார்கவ் தன் ஃபோனில் திறந்தான். அதிலும் மஞ்சள். லேப்டாப்பைத் துழாவத் துழாவ அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஊர் ஊராகக் காட்டிப் பீற்றிக்கொண்ட கறுப்புப் பக்கம் அந்த லேப்டாப்பை விட்டு வெளியே போனதே இல்லை. மேதை அதை இணையத்தில் ஏற்றவே மறந்திருந்தார்.

“சின்ன விஷயம்தான். இதோ, இப்பவே ஏத்திடறேன்.”

கோடேஸ்வரம்மா எழுந்து வந்து லேப்டாப்பை மூடினாள்.

“வேண்டாம் பாபு, வியாபாரம் நல்லா நடந்துக்கிட்டிருக்கு.”