எட்டு லிங்கம், எட்டு ஃபோன்

எவ்வளவு தூரம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் வழி எது? சொல்லுங்கள் பார்க்கலாம்.

திருவண்ணாமலைக்காரர்கள் யோசிக்கவே மாட்டார்கள். கிரிவலப் பாதை. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர், வழியில் எட்டு லிங்கங்கள்.

குமரேசன் மகளுக்கு வைத்த பரீட்சையும் அந்த வழியில்தான்.

"தனியா கிரிவலம் சுத்திட்டு வா. காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும், பத்துக்குள்ள வீட்ல இருக்கணும். ஒவ்வொரு லிங்கத்துலயும் எனக்கு ஃபோன் பண்ணணும். எல்லாம் சரியா நடந்தா சென்னை காலேஜ், ஹாஸ்டல். இல்லன்னா இங்கயே காலேஜ். நானே ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவேன்."

பிளஸ் டூ முடித்திருந்த இனியா, "சரிப்பா" என்றாள்.

பன்னிரண்டு வருடம் அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டிலேயே வளர்ந்தவள். டியூஷன் முடியும்வரை அப்பா வாசலில் காத்திருப்பார். மழை வந்தால் குடையோடு வகுப்புக்குள்ளேயே வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கிளம்பிய கையோடு, குமரேசன் காவி வேட்டி கட்டினார். தலைக்குக் காவி முண்டாசு. முகம் முழுக்க விபூதி.

"ஏங்க, இதுக்கு நீங்களே அவளைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றாள் மனைவி அருணாதேவி.

"தனியாப் போகணும்னு ஆசைப்படுறா. அதைக் கெடுக்கலாமா?"

கிரிவலப் பாதையில் சாமியார்களுக்குப் பஞ்சமில்லை. நூறோடு நூற்றியொன்று. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

இந்திர லிங்கத்தில், மடியில் செருகியிருந்த ஃபோன் அதிர்ந்தது. குமரேசன் பூக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினார். பூக்காரம்மா தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்திர லிங்கம் வந்துட்டேன்."

"சரி பாப்பா. நான் வீட்லதான் இருக்கேன்."

"நான் கேக்கலையேப்பா."

"சும்மா சொன்னேன்."

அக்கினி லிங்கம், எம லிங்கம் என்று இனியா விறுவிறுவென்று நடந்தாள். குமரேசன் கடைசியாகக் கிரிவலம் வந்தது அவள் பிறப்பதற்கு முன்பு. அதற்கப்புறம் அவர் எடை பதினைந்து கிலோ கூடியிருந்தது. அன்றிலிருந்து செருப்பில்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட நடந்ததில்லை; இன்றைக்கோ வெறுங்கால்.

நல்லவேளை, நிருதி லிங்கம் தாண்டியதும் இனியாவின் வேகம் கம்மியானது. ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி உட்கார்ந்தாள். அடி அண்ணாமலை மோர்க்கடையில் இருபது நிமிடம்.

'நாலு லிங்கத்துக்கே சோர்ந்துட்டா. இவளா சென்னைல தனியா இருக்கப் போறா?' குமரேசனுக்கு உள்ளூர ஒரே குஷி. எதிர் மரத்தடியில் அவரும் சாய்ந்துகொண்டார்.

ஆந்திராவிலிருந்து வந்த கணவனும் மனைவியும் அவர் காலில் விழுந்தார்கள்.

"சாமி, பையன் வேலைக்கு வெளிநாடு போறான். பயமா இருக்கு."

குமரேசனின் கை தானாக உயர்ந்தது. "பயப்படாதீங்க. பிள்ளைங்களைப் பிடிச்சு வச்சுக்கக் கூடாது. தைரியமா அனுப்புங்க."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். அவர்கள் கொடுத்த இரண்டு வாழைப்பழத்தையும் அங்கேயே தின்றுவிட்டார்.

ஏழாவது ஃபோன் குபேர லிங்கத்திலிருந்து வந்தபோது மணி பத்து. கெடு தாண்டிவிட்டது. குமரேசன் ஓர் ஆட்டோவைப் பிடித்து வீட்டுக்கு வந்து, விபூதியைக் கழுவி, செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாவது ஃபோனுக்கு, "வீட்லதான் இருக்கேன் பாப்பா" என்றார். காலையிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை.

பத்து ஐம்பதுக்கு இனியா உள்ளே வந்தாள்.

"பத்துக்குள்ளனு சொன்னேன். இங்கயே காலேஜ். அவ்ளோதான்."

"சரிப்பா."

வாதாடுவாள் என்று எதிர்பார்த்தவருக்குச் சப்பென்று போய்விட்டது.

"நல்லாத்தானே போய்ட்டு இருந்த? நிருதி லிங்கத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு? மோர்க்கடையில இருபது நிமிஷம் உட்கார்ந்தா எப்படிப் பத்துக்குள்ள வர முடியும்?"

அருணாதேவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்த மனுசனை நம்பி ஹாஸ்டலுக்குப் போகாதடி. அங்க வாட்ச்மேன் வேலைக்கு மனு போட்டுடுவார்."

குமரேசன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கீழே இரண்டு பாதங்களும் தெரிந்தன. கொப்புளம் கொப்புளமாக.

இனியா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும்?" என்றது செய்தித்தாள்.

"இந்திர லிங்கத்துலயே. ஃபோன்லயும் பூக்காரம்மா கூவுறாங்க, பக்கத்துலயும் கூவுறாங்க."

"ஏன் சொல்லல?"

"அவ்ளோ விபூதி பூசியிருந்தீங்க. பாவமா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு அங்கங்க உட்கார்ந்த?"

"நிருதி லிங்கத்துல திரும்பிப் பார்த்தேன். தூணைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குனீங்க. நான் நடந்தா நீங்களும் நடப்பீங்க. நான் உட்கார்ந்தாத்தான் நீங்க உட்காருவீங்க."

"நேரம் போயிடும்னு தெரியாதா?"

"தெரியும்."

"சென்னையும் போயிடும்னு?"

"தெரியும்பா. காலைக் காட்டுங்க."

செய்தித்தாள் இறங்கியது. அவர் காதோரம் கொஞ்சம் விபூதி மிச்சம் இருந்தது.

"சரி. பரீட்சையை எல்லாம் விடு. நீயே சொல்லு பாப்பா. இங்கயா, சென்னையா?"

இரண்டு பாதங்களுக்கும் எண்ணெய் தடவி முடித்துவிட்டு, இனியா சென்னை என்றாள்.