ஒழுகாத வீடு

"தண்ணியை நிறுத்திடாதீங்க சார். இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும்."

மாதிரி வீட்டின் கூரைமேல் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விற்பனை மேலாளருக்குப் பயம். இருநூறு வீட்டு ஆர்டர். கிடைத்தால் பதவி உயர்வு, கிடைக்காவிட்டால் இருக்கிற நாற்காலியும் இல்லை என்று முதலாளி நேற்றே சொல்லிவிட்டார். தரம் பார்க்க அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கே இந்த அம்மா கையில் நோட்டும் டார்ச்சுமாக வந்து நின்று, "வீட்டைப் பார்க்கணும்" என்றதும், மேலாளர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார்.

லாரியிலிருந்து இறக்கிய பெட்டியாக நின்றதை நான்கு பேர் அவர் கண்ணெதிரே விரித்தார்கள். கூரை எழும்பியது, மடிந்திருந்த தரை இறங்கியது, சுவர்கள் நிமிர்ந்தன. பத்தே நிமிடத்தில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை! அந்த அம்மா பிளந்த வாயை மூடவில்லை.

அதோடு விட்டாரா? கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். வரவில்லை. தரையில் கோலிக்குண்டை வைத்தார். உருளவில்லை. பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லி, எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று மூலை மூலையாகத் தேடினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்திருப்பார் போல. இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் இப்படிப் பார்த்ததில்லை. மேலாளருக்குப் பயம் போய் மரியாதையே வந்துவிட்டது.

இப்போது அவர் நாற்காலி போட்டு ஏறி, கூரையின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தை உள்ளங்கையால் தடவினார்.

"ஒரு சொட்டுகூட இல்லையே சார்! இந்த இணைப்பு வழியாத்தானே தண்ணி இறங்கும்? சுவரோரமா வழிஞ்சு படுக்கை வரைக்கும் வருமே?"

"நம்மகிட்ட வராது மேடம். ரெண்டு வரிசை ரப்பர், அதுக்கு மேல தகரப் பட்டை. நீங்களே பாருங்க."

பார்த்தார். போதாதென்று கன்னத்தையும் வைத்துப் பார்த்தார்.

"அடேயப்பா! என்ன நேர்த்தியாச் செஞ்சிருக்கீங்க!"

கண் கலங்கியிருந்தது. ரப்பரைப் பார்த்துக் கண் கலங்குகிற ஆளை மேலாளர் அன்றுதான் பார்த்தார்.

"இது ரொம்பக் கஷ்டமான வேலையோ?"

"கஷ்டமா? வீட்டுக்கு அரை மணி நேரம் மேடம். எங்க ஆளுங்க தூக்கத்துலகூடச் செய்வாங்க."

"சமீபத்துல கண்டுபிடிச்சதா?"

"அட, கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே தெரியும். ஆறு வருஷம் ஆச்சு."

"இதை அப்படியே எழுதிக் கொடுப்பீங்களா சார்?"

மேலாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையையும் பளிச்சென்று குத்தி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அப்போ மேடம், இருநூறு வீடும் எங்களுக்குத்தானே?"

அந்த அம்மா காகிதத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார்.

"இருநூறு வீடா? அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். போன வருஷம் வெள்ளத்துல வீடு போன அறுபது குடும்பத்துக்குச் செஞ்சு கொடுத்தீங்களே, அதுல பதினேழாம் நம்பர் வீடு எங்களுது. 'இந்த மாதிரி வீடுன்னா ஒழுகத்தான் செய்யும், ஒழுகாமக் கட்ட யாராலயும் முடியாது'ன்னு நாங்க போட்ட கேஸுல உங்க கம்பெனி கோர்ட்டுல சொல்லியிருக்கு. நாங்களும் இத்தனை நாளா, பாவம், உங்களுக்குத் தெரியலைன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தோம்."