முன்னிருக்கைக் கைப்பேசி

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பக்ருதீன் ஓராண்டாகக் கதை படிக்கும் செயலியொன்றில் எழுதிவரும் தொடர்கதையை ஓரிருவரைத் தவிர ஒருவரும் தொடர்ந்து படிப்பதில்லை. மாவு மில் நடத்தும் தீர்த்தம்மாளின் கதைக்கோ நாற்பதாயிரம் வாசகர்கள். மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் செல்லும் பேருந்தில், பக்ருதீனுக்கு முன்னிருக்கையில், கம்பெனி வேலைக்குப் போகும் மெஹக்கும் காவியாவும் ஒரே கைப்பேசியில் கதை தேடுகிறார்கள். காலை வெயில் திரையில் விழுந்து விழுந்து நழுவுகிறது. காவியாவின் கட்டைவிரல் மேலேறி, பக்ருதீனின் கதை அட்டைமீது நிற்கிறது. அவர் கம்பியை இறுகப் பற்றுகிறார். "முடிஞ்ச கதையான்னு பாரு புள்ள," என்கிறாள் மெஹக். "இல்லடி. கீழ ஒரு கமெண்ட் கெடக்குது. முப்பது பாகமாச்சாம், இன்னும் பொண்ணு பாக்கவே யாரும் வரலயாம்." "அய்யோ, வேணாம்! எழுதறவரு பாதியில வுட்டுட்டுப் போயிட்டா யாரப் போயி கேக்கறது? தீர்த்தம்மாக்கா கதைய எடு. கடைசிப் பாகத்த மொதல்ல படி, ஜோடி சேந்துட்டாங்கன்னா ஆரம்பிக்கலாம்." விரல் நகர்கிறது. இருவரும் முடிவைப் படித்துச் சிரிக்கிறார்கள்; தலைகள் ஒட்டிக்கொள்ள, காவியாவின் கனகாம்பரம் நசுங்குகிறது. அந்த முடிவைப் பக்ருதீனும் அறிவார். வீட்டாருக்குத் தெரியாமல் இருமுறை படித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு தமக்கு வரவேண்டியதென்று அவருக்கு வயிறு எரிகிறது. வாசகரே, முடிவைப் பார்த்துக் கதையை எடுக்காதீர்கள். முதல் பாகத்தைப் படித்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் எழுதியவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.